எங்கள் தெருவின் நீல வால் எலி

எனக்கும் எலிக்கும் ஜென்மப் பகையை மூட்டிவிட்டவர் உணவுப் பாதுகாப்பு அதிகாரிதான். அதற்கு முன்னால் எலி என்பது எனக்கு மின்வெட்டு மாதிரி. வரும், திட்டுவோம், வேலையைப் பார்ப்போம்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் நான் டிபன் கடை நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல், பூரி குருமா. சாயங்காலம் வடை, போண்டா. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பித்த கடை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கடை அடுப்பை நம்பித்தான். அதைவிட முக்கியமாக, வெறும் மருமகளாக இந்தத் தெருவுக்கு வந்தவளை 'டிபன் கடை அக்கா' ஆக்கியது இந்தக் கடை. அந்தப் பெயரை நான் லேசில் விட்டுக் கொடுப்பவள் இல்லை.

ஒரு நாள் காலை, நான் பூரி தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அதிகாரி உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மாவு டப்பா அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நேராகக் கையை விட்டார். வெளியே எடுத்து என் முகத்துக்கு முன்னால் விரித்தார். உள்ளங்கையில் நாலைந்து கருப்பு மணிகள்.

"இது என்னம்மா?"

எலிப் புழுக்கை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை என் வாயால் சொல்ல வைப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

"மறுபடி வருவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். அப்ப இதுல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் கடையைப் பூட்டிடுவேன்" என்றார். போகிற வழியில் எங்கள் தெருவை அடுத்த பள்ளிவாசல் தெருவில் இருக்கும் பிரியாணிக் கடைக்கும் போய் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு என் கையால் சுட்ட பூரி ஒன்றுகூட உப்பவில்லை. வெளியில் அதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான்.

எலி மருந்து வைக்கலாம் என்றால் சாப்பாட்டுக் கடையில் விஷத்தை எங்கே வைப்பது? முன்பு ஒரு முறை வைத்து, மருந்து தின்ற எலி பரண் மேல் எங்கோ போய்ச் செத்து, நாற்றம் தாங்காமல் வாடிக்கையாளர்கள் எதிர்ச்சாரிக் கடைக்குப் போன கதை உண்டு. அதனால் கூண்டுதான் வைத்தோம். உள்ளே என் கடை மசால் வடையின் ஒரு துண்டு. வைத்த அன்றே ஒன்று மாட்டியது. மறுநாளும் மாட்டியது. அதற்கு மறுநாளும் மாட்டியது. உப்பு கம்மி, எண்ணெய் ஜாஸ்தி என்று குறை சொல்லாமல் என் வடையைத் தின்றவை அந்த எலிகள் மட்டும்தான்.

மாட்டிய எலியைக் கொண்டுபோய் விடுவது என் வீட்டுக்காரரின் வேலை. கொல்ல மாட்டார். தெரு முனையில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அவருடைய வாகனத்தை அவர் கண்ணெதிரே எப்படிக் கொல்வது என்பார். அவர் மட்டும் இல்லை, எங்கள் தெருவில் யாருமே கொல்ல மாட்டார்கள். கூண்டைத் துணி போட்டு மூடி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

"எங்க வுட்டீங்க?" என்று கேட்பேன்.

"சின்னசேலம் ரோட்ல கரும்புத் தோட்டம் இருக்குதுல்ல, அங்க. ராசா மாதிரி ஓடுச்சு" என்பார்.

சின்னசேலம் ரோட்டுக்குப் போனவர், நான் ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் திரும்பிவிடுகிறார். லாரி ஓட்டிய மனிதர்தான், ஆனால் அவர் வைத்திருப்பது பழைய மொபெட். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. இரண்டாவது, இத்தனை எலியைப் பிடித்தும் ராத்திரி பரண் மேல் ஓட்டம் கொஞ்சமும் குறையவில்லை. அதே கூட்டம், அதே கும்மாளம்.

அந்த வாரம் அதிகாரியின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கடை ஷட்டருக்குப் பளீர் நீலத்தில் பெயிண்ட் அடித்திருந்தோம். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று மாட்டிய எலி கூண்டின் கம்பிக்கு வெளியே வாலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, பெயிண்டில் தொட்டு, வாலில் பட்டை பட்டையாக இழுத்து விட்டேன். வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பிரியாணிக் கடை பாய் டீ குடிக்க வந்தார். தினமும் மதிய வியாபாரம் முடிந்ததும் வருவார். அவருக்கு என் வடை, எனக்கு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அவர் பிரியாணி, இது பல வருஷத்து ஏற்பாடு. நாங்கள் வாடகை வீட்டில் குடியிருந்த காலத்திலிருந்தே அவர் எனக்குத் தம்பி மாதிரி.

டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அக்கா, ஒரு அதிசயம் கேளுங்க. நேத்து எங்க கூண்டுல ஒரு எலி மாட்டிச்சு. வாலு நீலமா இருக்குது. இது இன்னா வெளிநாட்டு ஜாதியா?"

சொல்லி முடித்துவிட்டு டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே என் ஷட்டர். டம்ளர் அப்படியே நின்றது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சாம்பார் வாளியைக் கலக்குவதில் திடீரென்று மும்முரமாகிவிட்டார். காலையில் கழுவிக் கவிழ்த்த வாளி அது.

"இன்னாங்க, கரும்புத் தோட்டம் வாய்க்காலுக்கு அந்தாண்டயா இருக்குது?" என்று கேட்டேன். எங்கள் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் நடுவில் ஒரு சாக்கடை வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால் பாயின் கடைப் பின்புறம்.

அவர் வாளியை இன்னும் வேகமாகக் கலக்கினார். பாய் நியாயம் கேட்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். அவரையும் சும்மா விட எனக்கு மனசில்லை.

"அது சரி பாய், மாட்டுன எலிய நீங்க இன்னா பண்ணீங்க?"

நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. "வூட்டுல கொல்ல வாணாம்னு ஒரே அழுகைக்கா. வாயில்லா ஜீவன்... வுட்டுட்டேன்."

"எங்க?"

"இப்படி, வாய்க்கா ஓரமா."

"எந்த ஓரம்?"

"உங்க ஓரம்தான்" என்றார் பாய்.

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அப்புறம் பாய். சிரிப்பில் அவருக்குப் புரையேறி, டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை. எங்கள் தெரு எலியை அவர்கள் தெருவுக்கும், அவர்கள் தெரு எலியை எங்கள் தெருவுக்கும் இரண்டு தெரு ஆண்களும் வருஷக்கணக்காகத் துணி போட்டு மூடி மரியாதையாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுச் சீர்கூட இவ்வளவு ஒழுங்காகப் போய் வராது. காலையில் அங்கே பிரியாணி வாசனையோடு கோழித் துண்டு, சாயங்காலம் இங்கே மசால் வடை. அந்த எலிகளுக்கு என்ன குறை?

அன்று மாலையே நீல வால் எங்கள் கூண்டில் இருந்தது. என்னைப் பார்த்து மீசையை ஆட்டியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைக் கண்காணாத எடத்துல வுட்டுட்டு வந்தாத்தான் உங்களுக்கு வூட்ல சோறு" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் ரோஷக்காரர். மறுநாள் கூண்டை வயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, கல்வராயன் மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டார். அங்கே நடந்ததை அவர் சொல்லவில்லை. அதே பஸ்ஸில் வந்த எங்கள் தெரு ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

சந்தைக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கூடைக்குள் கீச்சு கீச்சென்று சத்தம். "கோழிக் குஞ்சாங்கண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப் பாதையில் ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் கூடை சாய்ந்து, துண்டு விலகி, நீல வால் வெளியே வந்துவிட்டது. பஸ்ஸே எழுந்து நின்று பார்த்ததாம். கண்டக்டர் எலிக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று கேட்டாராம்.

அந்தப் பெண்தான் விடவில்லை. "எங்க வுடறதுக்கு எடுத்தாந்தீங்க?" என்றிருக்கிறாள். இவர் மலையில், காட்டுப் பக்கமாக என்று இழுத்திருக்கிறார்.

"காடுன்னா சும்மாவா கெடக்குது? அங்க எங்க சாமை இருக்குது. உங்க ஊரு எலி எங்க சாமையத் தின்னட்டும், நாங்க உங்க ஊரு இட்லியத் தின்னணுமா?"

வெள்ளிமலை வரை அவளும் அவளோடு வந்தவர்களும் இவரைக் கண்காணித்திருக்கிறார்கள். இறங்கியதும் கூடையைத் திறக்க விடாமல் சுற்றி நின்று, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றி, நல்லபடியாக வழியனுப்பி வைத்திருக்கிறார்கள். மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எலியும் இவரும் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி வாடியிருந்தது. அன்றைக்குச் சோறு போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? நீல வாலைப் பழையபடி வாய்க்கால் ஓரமாகவே விட்டுவிட்டு வந்தார்.

ஆனால் அந்த மலைக்காரப் பெண் கேட்டது என்னைக் குடைந்தது. எலியை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது யாரோ ஒருத்தியின் மாவு டப்பா, யாரோ ஒருத்தியின் சாமைப் பானை. விடுவதற்கு இடம் கிடையாது. அப்படியென்றால் எலி ஏன் இங்கே இத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பாயும் நானும் மறுநாள் சாயங்காலம் வாய்க்கால் மேல் போட்டிருக்கும் கல் பாலத்தில் போய் நின்றோம். சும்மா நின்று பார்த்தோம். எங்கள் தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். மத்தியானத்துச் சோற்றை இலையில் வைத்துப் பாலத்துக் கட்டைச் சுவரில் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி வந்து ரொட்டித் துண்டு வைத்தாள். அப்புறம் குழம்பு ஊற்றிய சோறு, உப்புமா, பிரியாணி. கடைசியில் என் வீட்டுக்காரர் விற்காத இட்லியைக் கொண்டுவந்து, எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, பக்குவமாக அடுக்கிவிட்டுப் போனார்.

சோற்றைக் குப்பையில் கொட்டக் கூடாது. கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் வீட்டில். பரக்கத், ஆண்டவன் கொடுத்த செழிப்பு, போய்விடும் என்பது பாய் வீட்டில். இரண்டு தெருவுக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம், இதில் மட்டும் கருத்து ஒன்றுதான். அதனால் மிச்சச் சோற்றை மாடு தின்னட்டும், காக்கா தின்னட்டும் என்று எல்லாரும் பாலத்தில் வைக்கிறார்கள். மாடு காலையில் வரும். காக்காவும் காலையில்தான் வரும். சாயங்காலம் வைத்ததை இருட்டிய பிறகு தின்ன வருவது யார்?

"அக்கா, தெனமும் நாம்பளே பந்தி போட்டுக்கினு எலி வருது எலி வருதுன்னா எப்படிக்கா?" என்றார் பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புண்ணியம் என்று நினைத்து நாங்கள் வைத்த சோறு என் கடைக்கே பூட்டாக வரப் பார்த்ததே என்று ஆற்றாமையாக இருந்தது.

சோற்றைக் குப்பையில் போடுங்கள் என்று சொன்னால் இரண்டு தெருவும் என்னைத்தான் குப்பையில் போடும். கருணாபுரத்திலிருந்து எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மாளிடம் போய்ப் பேசினேன். இரண்டு மாடு வைத்திருக்கிறாள். "மூடி போட்ட வாளியில வெச்சிருந்தா சாயங்காலம் பால் ஊத்த வரும்போதே எடுத்துக்கினு போறேன். கறி, எலும்பு, பிளாஸ்டிக்கு கலந்தா மாத்திரம் தொட மாட்டேன்" என்றாள். கறியும் எலும்பும் மூடி போட்ட தனி டிரம்முக்குப் போனது. காலையில் நகராட்சி வண்டி எடுத்துக்கொள்ளும். சோறு மாட்டுக்குத்தான் போகிறது, அதுவும் அன்றைக்கே போகிறது என்றதும் இரண்டு தெருப் பெண்களும் மறுபேச்சில்லாமல் வாளி வாங்கினார்கள். ஆண்கள்தான் ஆலோசனை செய்துகொண்டிருந்தார்கள்.

முரண்டு பிடித்தவர் ஒருவர்தான். எங்கள் தெரு மக்காச்சோள மண்டிக்காரர். மூட்டை இறக்கும்போது சிந்துகிற சோளம் அவர் வாசலில் மெத்தை மாதிரி கிடக்கும். "என்னாண்ட பூனை இருக்குது" என்று மார்தட்டுவார். அந்தப் பூனையைத் தெருவே அறியும். பெருச்சாளியைக் கண்டால் மூட்டை மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும் பூனை. பேசிப் பார்த்தேன், கேட்கவில்லை. சாயங்காலம் அவருக்குப் போகிற வடையை நிறுத்தினேன். தீர்ந்துபோச்சுங்க என்று அவர் கண்ணெதிரே அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டினேன். ஒரு வாரம் தாங்கவில்லை மனிதர். வாசலைப் பெருக்கி, மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் அடுக்கிவிட்டு, கையில் துடைப்பத்தோடு வந்து, "இப்ப வடை இருக்குதாம்மா?" என்று கேட்டார். சூடாகக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவும் சேர்ந்து வளைகளை அடைத்தோம். ஒரு வீடு மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பது நீல வால் கற்றுக்கொடுத்த பாடம். சிமெண்டில் உடைந்த கண்ணாடியைக் கலந்து பொந்துகளில் திணித்தோம். குழாய் வாயில் கம்பி வலை கட்டினோம். வாய்க்காலில் இரண்டு மூடிக் கல் உடைந்து கிடந்தது. முன்பெல்லாம் ஒருவர் போய்ச் சொன்னால் நகராட்சியில் பார்க்கலாம் என்பார்கள். இந்த முறை இரண்டு தெருவும் கூட்டமாகப் போனதும் அந்த வாரமே புதுக் கல் போட்டுவிட்டார்கள்.

உள்ளே தங்கிவிட்ட எலிகளுக்கு அடிக்கிற பொறிதான் வைக்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் பிள்ளையார் கோயில் பக்கம் பார்த்தார்.

"உங்க பிள்ளையாரு கொழுக்கட்டைதான் கேட்டாரு. என் மாவு மூட்டைய இன்னாத்துக்குக் கேக்கறாரு? அவரு கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். பொறியை நான்தான் வைத்தேன். பொறி அடிக்கிற சத்தம் கேட்டால் அவர் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். பாய் வீட்டிலும் அதே கதைதான். அங்கே பொறி வைத்தது பாய், கடைத்தெருவுக்குக் காரணமில்லாமல் போய் வந்தது அவர் மனைவி. நீல வால் பொறியில் அகப்படவில்லை. தின்ன ஒன்றும் கிடைக்காமல் எங்கோ போயிருக்கும். மலைக்குப் போயிருக்காது என்று மட்டும் நம்புகிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பரண் மேல் சத்தம் குறைந்தது. ஒரு நாள் ராத்திரி சத்தமே இல்லை என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் அலமாரிக்குப் பின்னால் தினமும் காலையில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன்.

அதிகாரி வந்த அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. முகூர்த்த நாள், விடியற்காலையிலேயே கூட்டம். நான் குருமா தாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் நிற்கிறார். பலகை மேல் ஏற்றியிருந்த என் மாவு மூட்டைகளைப் பார்த்தார், பலகையைத் தட்டினார், குழாய் வலையை இழுத்துப் பார்த்தார். பாய் வாசலில் வந்து நின்றார். அடுத்து அவர் கடைதான். என் கடைக்கு என்ன ஆகிறதோ அதுதான் தனக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதிகாரி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். துழாவினார். எடுத்தார். விரித்தார்.

உள்ளங்கையில் ஒன்று இருந்தது. கருப்பாக, நீளமாக, ஒரு முனை கூராக.

"இது என்னம்மா?"

அது என்னவென்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கடை முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இந்தத் தெருவில் நான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம், என் பெயர், என் அடுப்பு, எல்லாம் அந்த மனிதரின் உள்ளங்கையில் ஒரு மணியாகக் கிடந்தது. எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை. அவர் கையிலிருந்து அதை எடுத்தேன். வாயில் போட்டேன். கடித்தேன்.

"அய்யோ அக்கா" என்றார் பாய்.

நாக்கில் சுரீரென்று ஏறியது. கிராம்பு. குருமாவுக்கு எடுக்கும்போது சிந்தி, மொட்டு உதிர்ந்து போன கிராம்பு.

"கிராம்பு சார்" என்றேன். சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரம் என்று நினைத்துக்கொண்டு அதிகாரி அவரே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்தார்.